இருபத்தொரு கதவுகளை அடைத்த ஈஸ்ட்: சர்க்கரைக் கடத்திகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு அகார் தட்டுகள். ஒன்றில் மால்டோஸ், மற்றொன்றில் குளுக்கோஸ். ஒரே ஈஸ்ட்டைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, இரண்டு தட்டுகளிலும் ஐந்தைந்து சொட்டுகளாக வரிசையாக வைத்து, 30 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறோம். மால்டோஸ் தட்டில் முதல் சொட்டு கெட்டித்தயிர் போல வெளுத்துத் திரண்டிருக்கிறது. கடைசிச் சொட்டில் தனித்தனிப் புள்ளிகளை விரல் விட்டு எண்ணலாம். குளுக்கோஸ் தட்டில் வளர்ச்சியே இல்லை. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால், சொட்டு காய்ந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டம் தெரிகிறது. அவ்வளவுதான்.

ஈஸ்ட்டோடு பழகியவர்களுக்கு இது திகைப்பூட்டும் காட்சி. ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ்தான் முதல் உணவு. பக்கத்தில் வேறு எந்தச் சர்க்கரை இருந்தாலும் குளுக்கோஸைத் தீர்த்துவிட்டுத்தான் அதைத் தொடும். மால்டோஸ் என்பதோ இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்பது. கைகோத்து வந்த இரண்டை உண்டு செழிக்கிற செல், தனியாக வந்த ஒன்றின் நடுவே பட்டினி கிடக்கிறது.

அந்த ஈஸ்ட்டின் பெயர் இ.பி.ஒய்.வி.டபிள்யூ.4000. இங்கே சுருக்கமாக 4000 ரகம் என்று சொல்கிறேன். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரிலுள்ள ஹைன்ரிஷ் ஹைன பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் போலஸ், ரோமன் வீட்சோர்கே உள்ளிட்டோர் உருவாக்கி, 1999-இல் வெளியிட்டார்கள். சர்க்கரைக் கடத்தல் ஆய்வில் இதைவிட அதிகம் பயன்பட்ட ஒரு செல் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே செல்லின் உள்ளே பார்த்தவர்கள் கண்டதும் இந்த ஆய்வின் பகுதிதான்.

சவ்வைக் கடப்பது எப்படி

குளுக்கோஸ் நீரை விரும்பும் மூலக்கூறு, செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. உதவியில்லாமல் ஒன்று மற்றொன்றை ஊடுருவிப் போகும் வேகம் வாழப் போதாது. அதனால் சவ்வில் கடத்திப் புரதங்கள் குறுக்கே செருகப்பட்டிருக்கின்றன. குளுக்கோஸ் போன்ற ஆறு கார்பன் சர்க்கரைகளை ஹெக்சோஸ் என்பார்கள். ஈஸ்ட்டின் ஹெக்சோஸ் கடத்தி ஒவ்வொன்றும் சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவிப் போய்வரும் ஒரு புரதச் சங்கிலி. நடுவில் சர்க்கரை அமரும் குழி. வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது உள்பக்கம் மூடியிருக்கும். சர்க்கரை வந்து அமர்ந்ததும் புரதம் வடிவம் மாறி, வெளிப்பக்கம் மூடி உள்பக்கம் திறக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. கதவு என்று நான் எழுதுவதெல்லாம் இந்த இரட்டைக் கதவைத்தான்.

குளுக்கோஸ் இப்படி உள்ளே வருவதற்குச் செல் ஆற்றல் எதையும் செலவழிப்பதில்லை. வெளியே அடர்வு அதிகம், உள்ளே குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல் சர்க்கரை இறங்குகிறது. உள்ளே வந்த உடனே ஹெக்சோகைனேஸ் என்சைம் அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுவதால் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது.

மால்டோஸின் வழி வேறு. அதன் கடத்தி, வெளியிலிருந்து ஒரு புரோட்டானையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. புரோட்டான் சரிந்து இறங்கும் விசையில் மால்டோஸும் வந்துவிடும். வந்த புரோட்டானை வெளியேற்ற, சவ்விலுள்ள இறைப்பிப் புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். காற்றில்லாமல் நொதிக்கும்போது ஒரு மால்டோஸிலிருந்து கிடைப்பதே நான்கு ஏ.டி.பி.தான். நான்கில் ஒன்றை வாசலிலேயே கட்டணமாகக் கட்டுகிறது செல். உள்ளே வந்த மால்டோஸை மால்டேஸ் என்சைம் இரண்டாக உடைக்கிறது. கிடைப்பது இரண்டு குளுக்கோஸ்.

தட்டில் நாம் கண்ட புதிர் இங்கே அவிழ்கிறது. 4000 ரகத்தின் உள்வேலை எதுவும் பழுதில்லை. குளுக்கோஸை எரிக்கும் இயந்திரம் முழுதாக ஓடுகிறது. குளுக்கோஸ் தனியாக வந்தால் நுழைய வாசல் இல்லை, மால்டோஸ் உருவில் வந்தால் இருக்கிறது.

ஒன்று போதாதா?

ஒரு சர்க்கரைக்கு ஏன் இத்தனை கதவுகள்? 1983-இல் லிண்டா பிசனும் டான் ஃபிரெங்கலும் ஈஸ்ட் குளுக்கோஸை எடுக்கும் வேகத்தை அளந்தபோது, குளுக்கோஸை இறுகப் பற்றும் ஒன்று, தளர்வாகப் பற்றும் ஒன்று என இரண்டு வகைக் கடத்தல் தெரிந்தது. பின்னர் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, அந்த இரண்டு வகைக்குப் பின்னால் ஒரு பெருங்குடும்பமே இருப்பது புரிந்தது. ஈஸ்ட்டின் ஹெக்சோஸ் கடத்திகளுக்கு எச்.எக்ஸ்.டி. என்று பெயரிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். எச்.எக்ஸ்.டி.1 புரதம் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்ட லிட்டருக்கு 18 கிராம் அளவு குளுக்கோஸ் தேவை. எச்.எக்ஸ்.டி.7-க்குக் கால் கிராம், மிஞ்சினால் அரைக் கிராமுக்குள் போதும். திராட்சைச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை இருக்கும். நொதித்து முடியும்போது ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. இந்த முழு இறக்கத்திலும் ஒரே செல் பிழைத்தாக வேண்டும். வளமான நாளுக்கு ஒரு கதவு, வறண்ட நாளுக்கு வேறொன்று.

எந்த நாள் எது என்று சொல்ல இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள்: எஸ்.என்.எஃப்.3, ஆர்.ஜி.டி.2. வடிவத்தில் கடத்திகளின் உடன்பிறப்புகள், நீண்ட வால் ஒன்று செல்லுக்குள் தொங்குகிறது என்பது மட்டுமே வித்தியாசம். அவை சர்க்கரையைக் கடத்துவதில்லை. வெளியே எவ்வளவு இருக்கிறது என்று உணர்ந்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியைப் பொறுத்து எந்தக் கடத்தி மரபணு விழிக்க வேண்டும் என்பது முடிவாகிறது. கடத்தியாக இருந்த ஒரு புரதத்தை எடுத்துப் பரிணாமம் உணர்கருவியாக ஆக்கியிருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

குளுக்கோஸ் பஞ்சத்திலேயே நீண்ட காலம் வளர்த்தால் ஈஸ்ட் என்ன செய்யும் என்பதற்கு 1998-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. ஏறத்தாழ 450 தலைமுறைகள் குறைந்த குளுக்கோஸில் வளர்ந்த ஈஸ்ட்டில் எச்.எக்ஸ்.டி.6, எச்.எக்ஸ்.டி.7 மரபணுக்கள் பல பிரதிகளாகப் பெருகியிருந்தன. பசி நீடித்தபோது செல் தன் இறுக்கமான கதவையே பெருக்கிக்கொண்டது.

எல்லாவற்றையும் ஏன் அடைக்க வேண்டும்

1995-இல் டூசல்டார்ஃப் குழு ஒன்று எச்.எக்ஸ்.டி.1 முதல் 7 வரையிலான மரபணுக்களை நீக்கியது. அந்த ஈஸ்ட் குளுக்கோஸில் வளரவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும் இடம் இது. ஆனால் 1996-இல் ஈஸ்ட்டின் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது, அதே குடும்பச் சாயலில் இன்னும் பல மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எச்.எக்ஸ்.டி. பதினேழு வரை நீண்டது. கூடவே காலக்டோஸைக் கடத்தும் கால்2.

இவற்றில் பல, சாதாரண நேரத்தில் உறங்குகின்றன. உறங்குவதால் விட்டுவிடலாம் என்றால், அங்கேதான் சிக்கல். காலக்டோஸ் கொடுத்தால் கால்2 விழித்துக்கொள்ளும், குளுக்கோஸையும் உள்ளே விடும். ஒரு தட்டில் கோடிக்கணக்கான செல்களைக் குளுக்கோஸில் பட்டினி போட்டால், தற்செயலான மாற்றத்தால் உறங்கும் கதவொன்றைத் திறந்துகொண்ட ஒரே ஒரு செல் போதும், அது மற்றவற்றை மூடி வளர்ந்துவிடும். வேறோர் உயிரியின் கடத்தியை இந்தச் செல்லில் வைத்துச் சோதிக்கிறவர், வளர்ச்சி எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு கதவின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் மற்ற அனைத்தும் இல்லாமல் போயிருக்க வேண்டும், பூட்டிக் கிடப்பது போதாது.

போலஸ் குழுவின் அணுகுமுறை இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயரை நம்பி நீக்கிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு மரபணுவும் உண்மையில் ஹெக்சோஸைக் கடத்துமா என்று பார்த்தார்கள். பதினெட்டுப் பேர் கொண்ட குடும்பத்தில் எச்.எக்ஸ்.டி.12 தவிர மற்ற எல்லாமே கடத்தின. எதிர்பாராத இடத்திலிருந்தும் மூன்று வந்தன. மால்டோஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஏ.ஜி.டி.1-உம் அதன் உறவினர் இரண்டும் குளுக்கோஸை விடுகின்றன. 17, கால்2, இந்த மூன்று: மொத்தம் 21 மரபணுக்கள் நீக்கப்பட்டன. அப்போதுதான் குளுக்கோஸ் நுகர்வும் கடத்தலும் முற்றிலும் நின்றன.

அந்தக் கட்டுரையிலேயே ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. காவல்காரர் எஸ்.என்.எஃப்.3-இன் மரபணுவையும் நீக்கிப் பார்த்தார்கள். செல் ஹெக்சோஸில் ஓரளவு மீண்டும் வளரத் தொடங்கியது! காவலை எடுத்ததும் எங்கோ இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஹெக்சோஸைக் கடத்தக்கூடிய புரதங்கள் இன்னும் உண்டு என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். முழுமை என்று கொண்டாடத் தோன்றும் வேளையில் அதற்கு எதிரான சான்றையும் சேர்த்து வெளியிட்ட நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பதினாறு சுற்றுகள்

நீக்கிய முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், பின்னால் வரும் சேதம் முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

நீக்க வேண்டிய மரபணுவின் இடத்தில், ஒரு மருந்தைத் தாங்கும் திறன் தரும் அடையாள மரபணுவைச் செருகுவார்கள். மருந்து கலந்த தட்டில் பிழைப்பவற்றில்தான் மாற்றம் நடந்திருக்கும். ஆனால் அடையாளத்தை அங்கேயே விட்டால் அடுத்த சுற்றுக்கு அதே மருந்தைப் பயன்படுத்த முடியாது. அதனால் அடையாளத்தின் இரு பக்கமும் லாக்ஸ்-பி என்ற 34 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டை வைத்திருப்பார்கள். பி1 என்ற பாக்டீரியா வைரஸிலிருந்து எடுத்த கிரே என்சைமைச் செல்லுக்குள் உருவாக்கினால், அது இரண்டு லாக்ஸ்-பி துண்டுகளையும் பிடித்து இணைத்து, நடுவிலிருப்பதை வெட்டி எறிந்துவிடும். மருந்து அடையாளம் போய்விடும். ஒரே ஒரு லாக்ஸ்-பி மட்டும் தழும்பாக மிஞ்சும்.

பிறகு அடுத்த மரபணு, அடுத்த தழும்பு. குரோமோசோமில் அடுத்தடுத்து அமர்ந்த மரபணுக்களை ஒரே வெட்டில் எடுக்க முடியும் என்பதால், 21 மரபணுக்களுக்கு 16 சுற்றுகள் போதுமாயின. ஒவ்வொரு சுற்றிலும் செருகு, தேர்ந்தெடு, சரிபார், கிரேயை வரவழை, அடையாளம் போனதா என்று பார், மறுபடி தொடங்கு. எவ்வளவு பொறுமை!

கிரேக்கு எந்தத் தழும்பு எந்த மரபணுவுடையது என்று தெரியாது. ஒரு குரோமோசோமில் ஒரு லாக்ஸ்-பி, வேறொரு குரோமோசோமில் இன்னொன்று இருந்தால், அவை இரண்டையும் அது இணைத்துவிடக்கூடும். சுற்று கூடக் கூட தழும்புகள் கூடுகின்றன, தப்பான இணைப்புக்கு வாய்ப்பும் கூடுகிறது. தொண்ணூறுகளில் இது தெரியாத ஆபத்தில்லை. ஆனால் முழு மரபணுத் தொகுதியையும் படித்துச் சரிபார்க்கும் வசதி அன்று ஒரு சாதாரண ஆய்வகத்தின் கைக்கு எட்டியதில்லை. குளுக்கோஸில் வளரவில்லை, மால்டோஸில் வளர்கிறது. பார்க்கக்கூடிய சோதனையில் ரகம் தேறியது.

வெற்று வாசலில் வந்தவை

4000 ரகம் உலகமெங்கும் பயணித்தது. எந்த உயிரியின் கடத்தி மரபணுவையும் அதில் ஏற்றி, குளுக்கோஸ் தட்டில் வைத்தால் போதும். வளர்ந்தால் அது கடத்துகிறது.

2010-இல் ஸ்டான்ஃபோர்டிலுள்ள கார்னகி நிறுவனத்தில் வோல்ஃப் ஃப்ரோமரின் குழு, தாவரங்களில் ஸ்வீட் என்ற புதிய கடத்திக் குடும்பத்தைக் கண்டறிந்தபோது, அதன் முதல் உறுப்பினர் இந்தப் பட்டினி ஈஸ்ட்டைக் குளுக்கோஸில் வளரச் செய்தது முக்கியச் சான்றுகளில் ஒன்று. அந்தக் கண்டுபிடிப்பின் மறுமுனை நம் வயலில் இருக்கிறது. நெற்பயிரில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ், பயிரின் சொந்த ஸ்வீட் மரபணுவைத் தட்டியெழுப்பி, செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே கசியவைத்து உண்கிறது. அந்த மரபணுவைத் தட்டியெழுப்பும் டி.என்.ஏ. பகுதி சற்று மாறியிருக்கும் நெல் ரகங்கள் நோயைத் தாங்குகின்றன.

மனிதக் கடத்திகளை ஏற்றியபோது எளிதாக நடக்கவில்லை. குளூட்1 என்ற கடத்தியின் மரபணுவை அப்படியே வைத்தபோது வளர்ச்சி இல்லை. ஈஸ்ட்டிலும் ஒரு மாற்றம் நேர்ந்த பிறகே வேலை செய்தது. இன்சுலினுக்குக் கட்டுப்படும் குளூட்4-க்கு இன்னுமொரு மாற்றம் தேவைப்பட்டது. அந்த இரண்டாவது மாற்றம், எர்கோஸ்டெரால் உருவாகும் பாதையின் கடைசிப் படியைச் செய்யும் மரபணுவில் இருப்பது பின்னால் தெரியவந்தது. மனித சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் ஈஸ்ட் சவ்வில் இருப்பது எர்கோஸ்டெரால். கடத்தி நன்றாக இருந்தும், அது பதிந்திருக்கும் கொழுப்பு ஒத்துவராவிட்டால் கதவு இறுகிவிடுகிறது.

இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். வைக்கோல், மரத்தூள் போன்றவற்றைச் சர்க்கரையாக்கினால் குளுக்கோஸோடு சைலோஸும் வரும். சைலோஸுக்கென்று ஈஸ்ட்டில் தனிக் கதவில்லை. ஹெக்சோஸ் கதவில்தான் அது நுழைய வேண்டும், குளுக்கோஸ் நெருக்கித் தள்ளிவிடும். அதற்குள் பிராங்பேர்ட் கோத்தே பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த போலஸின் குழு 2014-இல் ஒரு தீர்வைக் காட்டியது. கால்2 புரதத்தின் 376-ஆம் இடத்திலுள்ள ஆஸ்பராஜினை எடுத்துவிட்டு ஃபீனைல்அலனினை வைத்தால், அந்தக் கதவு குளுக்கோஸை மறந்து சைலோஸை மட்டும் விடுகிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று.

2015: உள்ளே பார்த்தபோது

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜான்-மார்க் டரான், பாஸ்கல் டரான்-லபுஜாட் ஆகியோரின் குழு, 4000 ரகத்தின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. குரோமோசோம்களை மின்புலத்தில் ஓடவிட்டு நீளவாரியாகப் பிரித்தும் பார்த்தது. சாதாரண ஈஸ்ட்டின் 16 குரோமோசோம்களுக்கு உரிய பட்டைகள் எங்கே இருக்கும் என்பது ஈஸ்ட் ஆய்வாளர்களுக்குப் பழகிய கோலம். அந்தக் கோலம் இங்கே கலைந்திருந்தது.

தழும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, இதுவரை இல்லாத நான்கு புதிய குரோமோசோம்கள் உருவாகியிருந்தன. இரண்டு குரோமோசோம்கள் நுனி வெட்டுப்பட்டுக் குட்டையாகியிருந்தன. குரோமோசோம் முனைகளை அடுத்த இரண்டு பகுதிகள் அவற்றிலிருந்த மரபணுக்களோடு காணாமல் போயிருந்தன. வித்துகளை உருவாக்குவதும் அவை முளைப்பதும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தன. இந்த ரகத்தின் முந்தைய தலைமுறைகளையும் எடுத்து வரிசையாகச் சோதித்து, எந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று பின்னோக்கித் தேடினார்கள். ஆறாவது சுற்றுக்கும் பன்னிரண்டாவது சுற்றுக்கும் இடையே நான்கு இடமாற்றங்கள். முதல் சில சுற்றுகளில் தழும்பு குறைவு, சிக்கலும் இல்லை.

1999 முதல் இந்த ரகத்தை வைத்து எடுத்த முடிவுகளெல்லாம் பொய்யாகிவிட்டனவா? என் மதிப்பீட்டில், கடத்துமா கடத்தாதா என்ற கேள்விக்கான விடைகள் அசையவில்லை. அந்தச் சோதனைகளில், கடத்தி மரபணு இல்லாத வெற்று டி.என்.ஏ. வளையம் ஏற்றிய அதே ரகமும் பக்கத்திலேயே சொட்டாக இருந்தது. குரோமோசோம் குலைவு இரண்டுக்கும் பொது. ஒன்று வளர்ந்து ஒன்று வளராதபோது, வித்தியாசம் ஏற்றிய மரபணுவில்தான். ஆனால் எவ்வளவு வேகமாக வளர்ந்தது, சாதாரண ஈஸ்ட்டோடு ஒப்பிட்டால் எத்தனை பங்கு என்ற எண்களை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். காணாமல்போன மரபணுக்களின் பங்கு அந்த எண்ணில் எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. வித்து முளைக்காததால், வேறொரு ரகத்தோடு கலந்து மாற்றங்களைச் சேர்க்கும் பழைய, எளிய வழியும் அடைபட்டுவிட்டது.

மூன்றே சுற்றில்

2019-இல் அதே டெல்ஃப்ட் குழு வேலையை முதலிலிருந்து செய்தது. இம்முறை கையில் கிரிஸ்பர். வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் காஸ்9 என்சைம் டி.என்.ஏ.வை வெட்டும், செல் அந்த வெட்டைச் சேர்க்கும்போது மரபணு போய்விடும். அடையாள மரபணு வேண்டியதில்லை, லாக்ஸ்-பி தழும்பும் இல்லை. கடத்தி மரபணுக்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இங்கே உதவியாக வந்தது. ஒரே வழிகாட்டி பல மரபணுக்களுக்குப் பொருந்தியதால், 21 மரபணுக்களுக்குப் பதினொரு வழிகாட்டிகளும் மூன்று சுற்றுகளும் போதுமாயின.

ஐ.எம்.எக்ஸ்.1812 என்ற அந்தப் புதிய ரகத்தைக் குளுக்கோஸில் நெடுநாள் வைத்துப் பார்த்தார்கள், நுகரவில்லை. மால்டோஸில் அதன் வளர்ச்சி வேகம், கடத்திகள் நீக்கப்படாத ஈஸ்ட்டின் வேகத்துக்குச் சமமாக இருந்தது. பட்டைகளின் கோலமும் கலையவில்லை.

இடையில் 2016-இல், பழைய குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்தியும் வந்தது. எச்.எக்ஸ்.டி.13, 15, 16, 17 ஆகிய நான்கும் ஹெக்சோஸைக் கடத்துவதில் எப்போதுமே மந்தமானவை. ஏன் இருக்கின்றன என்று யாருக்கும் பிடிபடவில்லை. போலஸ், மிஸ்லாவ் ஓரேப் குழுவினர் அவற்றுக்கு மானிட்டாலையும் சார்பிட்டாலையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சர்க்கரையின் ஆல்கஹால் வடிவங்கள், பழங்களிலும் காளான்களிலும் இருப்பவை. நான்கு கடத்திகளும் அவற்றை உள்ளே விட்டன. இருபது ஆண்டுகளாக ஹெக்சோஸ் வாசல் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த நான்கு கதவுகளுக்கும் உரிய விருந்தாளி அப்போதுதான் வந்து தட்டியிருக்கிறார்.